பெண்கள் பக்கத்துக் காற்று

சென்னை
4-4-1966

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வருஷமாகக் கடிதம் போடாதவன் இப்போது எதற்குப் போடுகிறான் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது, அதனால்தான். அதை மறைத்துவிட்டு, சௌக்கியமா என்று நாலு பக்கம் எழுத வெட்கமாக இருக்கிறது. போன சித்திரையில் அம்மை குத்துகிறவரை நம் தெருவுக்குக் கூட்டி வந்தேன் என்று ஊரே என்னைத் திட்டியது. அவர்களோடு சேர்ந்து நீயும் கதவைச் சாத்தினாய். அந்தக் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உன்னை விட்டால் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் பெரியம்மைக் கிருமியைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. நோயாளியின் பக்கத்தில் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டம் கூடுகிற இடத்தில் அது காற்றிலேயே மிதக்கிறதா, மிதந்தால் அதைப் பிடிக்க முடியுமா என்று எங்கள் டாக்டர் இளங்கோவன் பார்க்க ஆசைப்படுகிறார். அதற்கு ஒரு மிஷின் செய்திருக்கிறோம். காற்றை உறிஞ்சிக் கண்ணாடிக் குடுவையில் இருக்கிற திரவத்துக்குள் விடும். அந்தத் திரவத்தைக் கொண்டுபோய், கரு வளர்ந்த கோழிமுட்டையின் ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி, உள்ளே இருக்கிற சவ்வின் மேல் சொட்டு விடுவோம். கிருமி இருந்தால் சவ்வில் வெள்ளைப் புள்ளிகள் எழும். முட்டைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படிக்க வைத்ததெல்லாம் கோழி மாதிரி அடைகாக்கவா என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

வைகாசிக் கருட சேவைக்கு ஜனம் கூடுவதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஏதாவது ஓர் இடத்தில் இந்த மிஷினை வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு நீ வேலை செய்கிற டெண்ட் சினிமாக் கொட்டகை நினைவுக்கு வந்தது. முதலாளி ஆதிகேசவனிடம் நீ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டும். அம்மை என்று வாயைத் திறக்காதே. காற்றை அளக்கிறார்கள் என்று மட்டும் சொல்.

குழந்தை காந்தாவுக்கு இன்னும் அம்மை குத்தவில்லைதானே? அதையும் யோசி.

உன் தம்பி,
ராஜவேலு


சின்ன காஞ்சிபுரம்
9-4-1966

தம்பி ராஜவேலுவுக்கு,

காரியத்துக்காகவாவது அக்காவின் விலாசம் மறக்காமல் இருந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம். நான் கதவைச் சாத்தியது உனக்கு நினைவிருக்கிறது. நீ மெட்ராஸுக்குப் போன பிறகு அந்தத் தெருவில் நான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டுமே, அது உன் நினைவில் இல்லை. காந்தாவின் அப்பா செத்ததிலிருந்து எனக்குச் சோறு போடுவது இந்தக் கொட்டகைதான். பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறேன். தெருப் பெண்கள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றால் அந்த வாசலில் எனக்கு என்ன வேலை?

முதலாளியிடம் கேட்டேன். "மெட்ராஸ்லேர்ந்து டாக்டருங்க வந்து நம்ம கொட்டாய்ல மிஷின் வெக்கிறாங்களா? வெக்கட்டும்மா, நமக்குப் பேர்தானே!" என்று மீசையைத் தடவிக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். மிஷின் ஆண்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். "பொம்பளைங்க பக்கம் ஆம்பளை பூந்து ஒயரும் குழாயும் இழுத்துக்கினு கெடந்தா, நாளைக்கு ஒருத்தி வரமாட்டா. அதுவும் இப்போ ஓடுறது அம்மன் படம்" என்றார்.

அது உண்மைதான். நடுவில் இருப்பது இடுப்பளவு மண்சுவர். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் காலை வைத்தால் கொலை விழும். அதிலும் இந்தப் படத்துக்குப் பெண்கள் தலை குளித்துவிட்டு வருகிறார்கள். அம்மன் திரையில் வரும்போது எழுந்து கற்பூரம் காட்டுகிறார்கள். தரை மணல், கூரை கீற்று. நான் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னாலேயே அலைகிறேன்.

காந்தாவுக்கு இப்போது வேண்டாம். நம் தெரு தர்மனின் கோர்வைத் தறியில் உட்கார்ந்து, அவன் உடல் நெய்ய நெய்ய, இவள் கரைப் பக்கம் நாடாக் கட்டையைத் தள்ளிவிடுகிறாள். கல்யாணப் புடவை. அம்மை குத்தினால் கை வீங்கி ஒரு வாரம் தறிக்குப் போக முடியாது. வைகாசி முடியட்டும், நானே கூட்டிப் போகிறேன். நீ வந்து அதைப் பேசி மறுபடியும் தெருவைக் கூட்டாதே.

வரும்போது பிள்ளைக்கு ஒரு பென்சில் டப்பா வாங்கி வா. மாமா மாமா என்று உயிரை எடுக்கிறாள்.

எல்லம்மாள்


சென்னை
26-4-1966

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாள் உன் வீட்டில் சாப்பிட்டதில் பேண்ட் இடுப்பில் ஏற மறுக்கிறது. வந்த காரியத்தை விட, நீ என்னைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்குப் பெரிது. தெருவில் தர்மன் கூட, "இன்னாப்பா, காத்தைப் புடிச்சி பாட்டில்ல அடைச்சிக்கினு போறியாமே!" என்று கிண்டல் செய்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். போன வருஷம் என்னை விரட்டியதும் அவன்தான். மிஷினோடு போனால் மரியாதை தனிதான் போலிருக்கிறது.

முட்டைகளை இன்று திறந்தோம். ஒன்றில் கூடப் புள்ளி இல்லை. சவ்வு எல்லாம் கண்ணாடி போல இருந்தது. கொட்டகையின் காற்றில் கிருமி எதுவும் அகப்படவில்லை என்று டாக்டர் நகராட்சிக்கு எழுதிவிட்டார். ஆதிகேசவனுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும். அவர் கேட்டால், கொட்டகை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிடு.

காந்தா மூன்று நாளும் சுவர் ஓரமாகவே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பாரேன் என்றால், "படம் தெனம் பாக்குறேன் மாமா, உன்னைத்தான் தெனம் பாக்க முடியல" என்றாள். இந்தப் பேச்சை எங்கிருந்து கற்றாள்?

அன்புடன்,
ராஜவேலு


சின்ன காஞ்சிபுரம்
2-5-1966

தம்பிக்கு,

நீ இங்கே இப்போது பெரிய மனுஷன். ஆதிகேசவன் அந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கொட்டகை வாசலில் பெரிய போர்டு எழுதி மாட்டிவிட்டார். "இக்கொட்டகையின் காற்று சென்னை டாக்டர்களால் பரிசோதிக்கப்பட்டது. அம்மைக் கிருமி இல்லை." மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் திருப்புட்குழி வரைக்கும் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கருட சேவைக்கு நாலு காட்சி போடப் போகிறாராம்.

போன வாரம் அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். எல்லாரும் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் சும்மா இல்லாமல், "காத்துலயே இல்லன்னு எங்க தம்பி மிஷின் வெச்சிப் பாத்துட்டுப் போயிருக்குது, இன்னாத்துக்குய்யா புள்ளைங்க கையைக் கிழிக்கிறே?" என்று கேட்டேன். உடனே தர்மன் பிடித்துக்கொண்டான். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் பெயரால் ஜெயித்தோம் என்று எல்லாரும் சிரித்தோம்.

காந்தாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இடுப்பு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்கிறாள். வெயில் சூடு. காலையில் தறிக்குப் போனவளைத் தர்மன் பாதியிலேயே அனுப்பிவிட்டான். மோர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன். ஒன்றும் பயப்படாதே.

எல்லம்மாள்


சென்னை
4-5-1966

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. காந்தாவின் உடம்பில் எங்கேயாவது சிவப்பாக ஏதாவது எழுந்திருக்கிறதா? முகத்தில், முன்கையில், வாய்க்குள்ளே பார். எழுந்திருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே. அவளைத் தனி அறையில் வை, யாரையும் உள்ளே விடாதே. ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பு. தறி வீட்டில் எல்லாரையும் அம்மை குத்திக்கொள்ளச் சொல்.

நான் மிஷின் வைத்த நாட்களில் பெண்கள் பக்கம் யாராவது அம்மை கண்டவர் வந்தார்களா? மறைக்காமல் சொல்.

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்னிடம், "கொட்டகை முழுக்க வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். பெண்கள் பக்கம் விடவில்லை என்று சொன்னால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாயே என்பார். சுவர் இடுப்பளவுதானே, காற்று ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்று இதைவிட மோசம். இதே மிஷினை முன்பு அம்மை வார்டில், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தோம். உடம்பு முழுக்கக் கொப்புளம் உள்ளவர்கள் படுத்திருந்த இடத்திலேயே பல முட்டைகளில் ஒன்றுமே எழவில்லை. அகப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது. டாக்டர் அந்த ஆங்கிலக் கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதியிருக்கிறார். வாத்தியார் அதை விட்டுவிட்டாரோ, ஆதிகேசவன் விடச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வரி தெரியும். தெரிந்தும் உனக்குச் சுத்தம் என்று எழுதினேன். போன வருஷம் விரட்டிய தெரு இந்த வருஷம் டீ வாங்கிக் கொடுத்ததே, அந்த மிதப்பு.

உடனே பதில் போடு.

ராஜவேலு


சின்ன காஞ்சிபுரம்
12-5-1966

ராஜவேலு,

அம்மா வந்திருக்கிறாள். இதை எழுதவே கூடாது. இந்த வீட்டிலிருந்து கடிதம் போகக் கூடாது, தாளிக்கக் கூடாது, அழக் கூடாது. நிலையில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். காந்தாவின் முகத்தில் விரல் வைக்க இடம் இல்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டன. வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தால், "கொஞ்சம் மெல்லமா" என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன். அங்கே போய் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், வந்தாள். நீ வந்த இரண்டாம் நாள், முதல் ஆட்டத்துக்கு. பின் தெரு நீலாம்பாள். அவளுடைய கைக்குழந்தைக்கு அம்மா வந்து இறங்கும் நேரம். பக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அம்மன் படத்தில் அம்மன் முகத்தைக் காட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாளாம். மஞ்சள் துணியில் வேப்பிலையோடு சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "கோயிலுக்குப் போக தூரம் தாங்காதுக்கா, இங்கியே காட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். நான் டிக்கெட் கூட வாங்கவில்லை. வேண்டுதலோடு வருகிறவளை வாசலில் மறிக்க நான் யார்? மறித்தால் அந்தப் பாவம் என் பிள்ளை தலையில் விடியாதா என்று நினைத்தேன்.

அவளைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்தேன் தெரியுமா? கூட்டத்தில் இடிபடாமல் இருக்கட்டும் என்று சுவர் ஓரம், காந்தாவுக்குப் பக்கத்தில்.

அந்தப் பக்கம் நீ மிஷினுக்குக் குனிந்துகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தேன். உன்னிடம் சொன்னால் அங்கேயே சத்தம் போட்டு, அவளை எழுப்பி வெளியே அனுப்பி, என் மானத்தை வாங்குவாய் என்று பயந்தேன். சொல்லவில்லை. மறுநாள் காலையில் உனக்கு இட்லி வைக்கும்போதும் சொல்லவில்லை.

நீ முழுக் கொட்டகை என்று சொன்னது தப்புதான். ஆனால் பெண்கள் பக்கம் மிஷின் இருந்திருந்தால் அது பிடித்திருக்குமா? அதுவும் நிச்சயம் இல்லை என்று நீயே எழுதுகிறாய். எனக்கு மிஷின் தேவைப்படவில்லையே. கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே விட்டேன்.

உன்னை ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் நீலாம்பாள் பெயரைச் சொல்லாதே. தெரிந்தால் அவள் வீட்டுக் கூரை மிஞ்சாது. அவளுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே வராதே. அம்மை இருக்கிற வீட்டுக்கு ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் வரக் கூடாது.

எல்லம்மாள்


சென்னை
15-5-1966

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் ஆவியில் காட்டிவிட்டுத்தான் பிரித்தேன். என் அக்காவின் கடிதத்தை இடுக்கியால் பிடித்துப் படித்தேன். கை கழுவும்போது அழுதுவிட்டேன்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பாதிக் கொட்டகையில்தான் வைத்தேன், முழுக்க என்று பொய் சொன்னேன் என்றேன். அவர் திட்டவில்லை. நகராட்சிக்குப் போன கடிதத்தின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "அந்தப் போர்டை நம்பிக் கருட சேவைக்கு எத்தனை பேர் பிள்ளைகளோடு உள்ளே போவார்கள், ராஜவேலு?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போர்டை எடுக்க வேண்டும், தெரு முழுக்க அம்மை குத்த வேண்டும் என்றால், இன்ன தெருவில் இன்ன வீட்டில் நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் இல்லாமல் நகராட்சி அசையாது. நீலாம்பாள் பெயரைக் கொடுக்கவில்லை. உன் பெயரைக் கொடுத்தேன். உன் வீடு, உன் பெண், உன் வேலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இது உன் தலையில் என்னவாக விடியும் என்று தெரிந்துதான் செய்தேன்.

இனிமேல் மிஷினைத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டைகளோடு மட்டும் இருக்கிறேன். அம்மை குத்துகிற ஆட்களோடு நீயும் போகிறாயா என்றும் கேட்டார். முடியாது என்றேன். நீ வராதே என்று எழுதியதைக் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம், காந்தாவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அவள் பிழைத்தாள் என்று ஒரு வரி எழுது. என்னை மன்னிக்க வேண்டாம், அதை மட்டும் எழுது.

ராஜவேலு


சின்ன காஞ்சிபுரம்
11-6-1966

தம்பிக்கு,

பிழைத்தாள். நீ கேட்ட வரியை முதலில் எழுதிவிட்டேன். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறாள். முகம் முழுக்கத் தழும்பு. போன வாரம் அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

நகராட்சி ஜீப் நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றது. கதவில் அம்மை கண்ட வீடு என்று காகிதம் ஒட்டினார்கள். பார்க்க வந்த கூட்டம் கருட சேவைக் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆதிகேசவன் போர்டைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, ஒன்னாலதானே எனக்கு இந்தக் கேவலம்" என்று சொல்லி, என் வேலையையும் எடுத்துவிட்டார். நீலாம்பாள் வீட்டைச் சொல்லாமல் என் வீட்டைச் சொன்னாய். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம், ராஜவேலு.

நம் தெருவிலும் பின் தெருவிலும் எல்லாரும் குத்திக்கொண்டார்கள். முதல் ஆளாகக் கையை நீட்டியது நீலாம்பாள். என் கண்ணைப் பார்க்காமல் நீட்டினாள். தர்மனுக்குத்தான் அது உதவவில்லை. ஆட்கள் வரும்போதே அவன் காய்ச்சலில் கிடந்தான். காந்தாவைக் காய்ச்சலோடு நான் தறிக்கு அனுப்பினேனே, அந்த அரை நாள். கருட சேவைக்கு முந்தின நாள் போய்விட்டான். அவன் பெண்டாட்டி கமலவேணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காத்துல இல்லன்னு ஒன் தம்பி மிஷின் சொன்னதாச் சொன்னியே என்று அவள் ஒரு தரம் கேட்டுவிட்டால் தேவலை. தண்ணீர்க் குழாயடியில் எனக்கு முன்னால் நின்று, குடத்தை நிரப்பிக்கொண்டு போகிறாள். இப்போது அவளுடைய மாமியாருக்கு நான்தான் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள். ஏன் வாங்கிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று பல தரம் காகிதத்தை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் வாசலில் நின்ற என் முகம்தான் எனக்குத் தெரிகிறது. நீ சொன்ன பொய்யா, நான் சொல்லாமல் விட்டதா, எது பெரிது என்று படுத்துக்கொண்டே கணக்குப் போடுவேன். ஒரு நாள் உன் பக்கம் சாயும், ஒரு நாள் என் பக்கம். இந்த அழகில்தான் இருந்தேன், நேற்று வரைக்கும்.

நேற்று காந்தாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பாதி முடி கொட்டிவிட்டது, மெதுவாகத்தான் வார வேண்டும். திடீரென்று, "மாமா ஏம்மா வரல?" என்று கேட்டாள். வேலை இருக்கும் என்றேன். "எம் மேல கோவமா இருக்குமா?" என்றாள். உன் மேல் எதற்குடி கோபம் என்றேன்.

மடியில் உதிர்ந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "அந்தப் பாப்பா அழுதுக்கினே இருந்துச்சிம்மா. நீலாம்பா அக்கா கற்பூரம் காட்ட எழுந்துச்சே, அப்போ நானே கேட்டு வாங்கி மடியில வெச்சிக்கினேன். மாமாவோட மிஷினைக் காட்டினா அழுகை நிக்கும்னு சுவத்து மேல தூக்கிக் காட்டினேன். நீ வாசல்ல இருந்தே. ஒன்னைக் கேக்கல. கேக்காம வாங்கினதாலதான் எனக்கு அம்மா வந்துது, தர்மன் மாமாவும் செத்துப்பூட்டாரு. மாமா மிஷினும் அதனாலதான் கெட்டுப்போச்சி. மாமாவாண்ட சொல்லிடும்மா, இனிமே அப்பிடிச் செய்யமாட்டேன்."

இத்தனை நாள் கண் மூடிக் கிடந்தாளே, அப்போதெல்லாம் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். வலிக்கிறது என்று கூட அவள் அதிகம் சொல்லவில்லை. தப்புச் செய்தவள் சத்தம் போடக் கூடாது என்று நினைத்தாளாம்.

அவளைக் கட்டிக்கொண்டு, உன் மேல் தப்பே இல்லை என்றேன். நம்பவில்லை. நான் அம்மா, அப்படித்தான் சொல்வேன் என்று நினைக்கிறாள். நான் வாசலில் விட்டது, நீ டாக்டரிடம் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். எனக்காகச் சொல்கிறாய் என்று என் வாயைக் கையால் மூடினாள்.

மிஷினைப் பற்றி அவள் யார் சொன்னால் நம்புவாளோ, அவன் சென்னையில் முட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்க்க உனக்குப் பயமாக இருந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இதற்குப் பதில் கடிதம் போடாதே. புறப்பட்டு வந்து அவளிடமே சொல்.

எல்லம்மாள்